லாட்ஜ் வாசல் ‘கோட்டை ரவுண்டு’: கார் சரி, கதைதான் கோளாறு

வேலூரில் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் எந்த லாட்ஜில் ரூம் போட்டாலும் ரிசப்ஷனில் ஒரு கேள்வி வரும்: “கோட்டை ரவுண்டு போறீங்களா சார்?” சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து ரிப்போர்ட்டுக்காக ஒரு நாள் சும்மா காத்திருப்பவர்களை நம்பி நடக்கும் தொழில் இது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலக்காரர்கள்தான் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி. அதனால் டிரைவர்கள் இந்தியும் கொஞ்சம் வங்காளமும் சரளமாகப் பேசுகிறார்கள். முழுநாள் ரவுண்டில் வேலூர்க் கோட்டை, உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில், அருங்காட்சியகம், பாலாற்றங்கரை முத்து மண்டபம், ஆற்காடு தில்லி கேட் எல்லாம் வரும். சாயங்காலம் ஸ்ரீபுரம் தங்கக் கோயிலில் கொண்டுபோய் முடிப்பார்கள். ஒரு குறிப்பிட்ட டிராவல்ஸைப் பற்றிய விமர்சனம் இல்லை இது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே பாதையில், ஒரே கதையைச் சொல்லிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஏ.சி. ஓடும், கேட்ட இடத்தில் நிறுத்துவார்கள், நோயாளி கூட வந்தால் பொறுமையாக இருப்பார்கள். ஏறுவதற்கு முன் வாடகையை மட்டும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, பார்க்கிங்கும் டோலும் யார் தலையில் என்ற மூன்றையும் லாட்ஜ்காரரிடம் இல்லாமல் டிரைவரிடமே கேட்க வேண்டும். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்வது சாதாரணம்.

கோளாறு நேரத்தில் ஆரம்பிக்கிறது. காலை டிபனெல்லாம் முடித்து, முத்து மண்டபத்தை முதலில் காட்டிவிட்டு, கோட்டைக்கு 11 மணிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். வேலூர் வெயிலில் அந்த நேரத்தில் கருங்கல் மதிலோரம் நடப்பது தண்டனை. கோயிலுக்குள் செருப்பில்லாமல் வெளிப் பிரகாரத்தைக் கடப்பதற்குள் கால் பொரிந்துவிடும். சுற்றி முடித்துக் கோயில் பக்கம் வந்தால் நடை சாத்தியிருக்கும். இன்னொன்று, கோட்டை வாசல் கிழக்கு பார்த்தது. காலை ஏழு, எட்டு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் எதிரே அகழிக்கு இந்தப் பக்கம் நின்றால், வெயில் நேராக மதிலில் விழுந்து ஒவ்வொரு கல்லின் இணைப்பும் தெரியும். தண்ணீரில் நிழலும் விழும். மதியத்துக்குப் பிறகு அதே மதில் வெறும் கறுப்புச் சுவர். ஆகவே டிரைவரிடம் முதல் நிபந்தனையாக, ஏழு மணிக்குக் கோட்டை வாசலில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முத்து மண்டபம் பத்து மணிக்கு மேல் போதும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் அரசு அருங்காட்சியகம் விடுமுறை. இதை முன்கூட்டிச் சொல்லும் டிரைவர் கிடைத்தால் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இனி கதைக்கு வருவோம். அகழியைக் காட்டியதும் டிரைவர் ஆரம்பிப்பது முதலைக் கதை: “பத்தாயிரம் முதலை விட்டிருந்தாங்க சார்.” முதலை இருந்திருக்கலாம். பத்தாயிரத்துக்குத் தீனி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்தது விரிஞ்சிபுரம் வரை போகும் சுரங்கம். நிரந்தரமாகத் தண்ணீர் நிற்கும் அகழிக்கு அடியில், கசிவு இல்லாமல், ஆறேழு கல் தூரத்துக்குச் சுரங்கம் வெட்டுவது எப்படி என்று யோசித்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், வேலூர்க் கோட்டையின் வரலாற்றில் உண்மையிலேயே ஒரு சுரங்க முயற்சி உண்டு. அது டிரைவர்களுக்குத் தெரியாது.

1614 அக்டோபரில் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி இறந்தார். அப்போது வேலூர்தான் தலைநகரம். அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் அண்ணன் மகன் ஸ்ரீரங்கர். இறந்த அரசரின் ராணிக்குப் பிறந்த வீட்டாரான கொப்பூரி குலத்து ஜக்கராயனுக்கு இது பொறுக்கவில்லை. ராணி தன் மகன் என்று வளர்த்த பையனைச் சிம்மாசனத்தில் ஏற்றப் பார்த்து, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு சிறை வைத்தான். எதிர்த்து நின்றவர் வேலுகோட்டி குலத்து யாசம நாயக்கர். ஒரு வண்ணாரின் துணி மூட்டைக்குள் ஒளித்து அரசரின் இரண்டாவது மகன் ராமதேவனை வெளியே கடத்தினார்கள். அரசரையும் மீட்கச் சுரங்கம் தோண்டினார்கள், அகப்பட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஜக்கராயன் தாமதிக்கவில்லை. அரசரும் அவரோடு அடைபட்டிருந்த குடும்பமும் கொல்லப்பட்டார்கள். இதையெல்லாம் 1616-லேயே மனோயெல் பர்ராதாஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டு குலங்களின் சண்டை தமிழகம் முழுக்கப் பரவியது. மதுரை, செஞ்சி நாயக்கர்கள் ஜக்கராயன் பக்கம், தஞ்சை ரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். 1616 கடைசியில் தோப்பூரில் ஜக்கராயன் செத்தான், துணி மூட்டையில் தப்பிய பையன் அரசனானான். இந்தத் தோப்பூர் கல்லணைக்குப் பக்கத்தில் இருப்பது, பஸ்ஸில் சேலம் போகும்போது வரும் தருமபுரித் தொப்பூர்க் கணவாய் அல்ல. இதைத் தெரிந்து சொல்லும் ஒன்றிரண்டு டிரைவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இரண்டாவது கொலை 1742 அக்டோபரில். ஆற்காட்டு நவாப் சப்தர் அலி, மராட்டியரிடம் அடிபட்டுக் கஜானா காலியாகி, சொந்தக்காரர்களிடம் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் கையில் காசு அதிகம் இருந்தவர் வேலூர்க் கோட்டைக்காரர் முர்தசா அலி. சித்தப்பா பெரியப்பா பிள்ளை முறை, போதாததற்குத் தங்கையைக் கட்டிய மச்சானும்கூட. நவாப் பெண்டு பிள்ளைகளைச் சென்னையில் கம்பெனிக்காரர்கள் பாதுகாப்பில் விட்டுவிட்டு, மச்சான் கோட்டைதானே என்று வேலூரில் வந்து தங்கினார். முதலில் சாப்பாட்டில் விஷம் வைத்தார்கள், அதில் பிழைத்துக்கொண்டார். பிறகு ஆளை விட்டுக் குத்திக் கொன்றார்கள்.

ஸ்காட்லாந்தில் கிளென்கோ என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1692 பிப்ரவரி 13-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே மக்டொனால்ட் குலத்தார் 38 பேரை, பன்னிரண்டு நாளாக அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிய சிப்பாய்கள் கொன்றார்கள். தலைமை தாங்கியவர் கேம்பெல் குலத்து ராபர்ட். முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஊரில் வழிகாட்டி வேலை பார்க்கும் எவரும் இந்தத் தேதியைத் தப்பாகச் சொல்ல மாட்டார். ‘உப்பிட்டவரை’ என்று நம் பக்கம் சொல்வதுதான் அங்கே அவர்களுக்கும் உறுத்தல். வேலூரில் நடந்தது அதன் மறுபக்கம்: கிளென்கோவில் விருந்தாளி கொன்றான், இங்கே விருந்து கொடுத்தவன் கொன்றான். அதே 1692-ல் நெஸ் ஏரிக்கரை அர்க்கார்ட் கோட்டையைக் காலி செய்த படையினர், எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று வாசல் மாடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சரிந்த கல் இன்றும் சரிந்த இடத்தில் கிடக்கிறது, அதைச் சுற்றித்தான் கதையே சொல்கிறார்கள். வேலூரில் மதில் முழுசாக இருக்கிறது. 133 ஏக்கர், எந்த ஸ்காட்லாந்துக் குலத்தலைவனும் கனவில்கூடக் காணாத அளவு. சொல்லத்தான் ஆளில்லை.

கோட்டையைப் பார்க்கும் முறைக்கு வருவோம். இப்போது வண்டிகள் போகும் வழி நேராக உள்ளே போகிறது. பழைய வாசல் அப்படி இருந்ததில்லை. தூக்குப் பாலம், இரட்டைக் கதவு, மடங்கி மடங்கிப் போகும் பாதை. கதவை இடிக்க வரும் யானைக்கும் ஆட்களுக்கும் ஓடிவர நீளம் கிடைக்கக் கூடாது, மேலே நிற்பவனுக்கு அவர்கள் விலாப்புறம் தெரிய வேண்டும். காரிலேயே உள்ளே போனால் இது ஒன்றும் புரியாது. வெளியே இறங்கி நடந்து போங்கள். மதில் இரட்டை: அகழியை ஒட்டித் தாழ்வாக ஒன்று, உள்ளே தள்ளி உயரமாக ஒன்று. உயர மதிலில் வட்டக் கொத்தளங்களும் சதுரத் துருத்தல்களும் மாறி மாறி வரும். கீழே கருங்கல், மேலே செங்கல் கைப்பிடிச் சுவர். 16-ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மி நாயக்கர் காலத்துக் கல்லையும், துப்பாக்கிக்காகப் பிறகு வைத்த துளைகளையும் பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் கொடுத்தால் போதும், பிறகு எந்தக் கோட்டைக்குப் போனாலும் கண் தானாகவே பிரிக்கும்.

உள்ளே நின்று கிழக்கே திரும்பிப் பாருங்கள். மலை முகட்டில் மதில் தெரியும். சஜ்ஜாரா, குஜ்ஜாரா, முர்தசா என்று மூன்று மலைக் கோட்டைகள். வேலூர்க் கோட்டையின் ஒரே பெரிய பலவீனம் அதுதான். அகழியும் இரட்டை மதிலும் ஆளைத் தடுக்கும், மேலிருந்து வரும் பீரங்கிக் குண்டைத் தடுக்காது. 1677-78 முற்றுகையில் மராட்டியர்கள் மலையைப் பிடித்துக்கொண்டுதான் கோட்டையை மடக்கினார்கள். நூறு வருஷம் கழித்து ஹைதர் அலி முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த ஆங்கிலேயர்கள் மலையையும் சேர்த்துக் காத்ததால்தான் தாக்குப் பிடித்தார்கள். ரவுண்டில் மலை வராது, டிரைவர் கை நீட்டிக்கூடக் காட்ட மாட்டார். ஏற வேண்டுமென்றால் தனி நாள், விடியற்காலை, உள்ளூர் ஆள் துணையோடு.

1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக் கதையை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள், பாதி சரியாகச் சொல்கிறார்கள். புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு வரைக்கும் சரி. விடியற்காலை இரண்டு மணிக்குத் தொடங்கிய புரட்சி ஏன் காலைக்குள் முடிந்தது என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வாசலுக்கு மேலே மதிலில் ஆங்கிலேயரின் 69-ஆம் படைப்பிரிவில் மிஞ்சிய கொஞ்சம் பேர், தோட்டா தீர்ந்த நிலையில் ஒதுங்கியிருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியை அவர்கள் கயிறு விட்டு மேலே இழுத்துக்கொண்டார்கள். பிறகு வந்த பீரங்கி கதவைப் பிளந்தது. புரட்சி செய்தவர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், கொடி ஏற்றினார்கள், வாசல் மேல்புறத்தை விட்டுவிட்டார்கள். அந்த இடத்துக்குக் கீழே நின்று இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணில் போட்டோ எடுக்க வைப்பதற்கு டிரைவர்கள் அதைவிட அதிக நேரம் ஒதுக்குகிறார்கள்.

கோயிலில் கல்யாண மண்டபத் தூண்களை விட்டுவிடாதீர்கள். முன்வரிசையில் பாயும் குதிரை, யாளிகள், பின்வரிசையில் நுணுக்க வேலை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. மூலவர் நெடுங்காலம் சத்துவாச்சாரியில் இருந்து 1981-ல்தான் திரும்பி வந்தார். முத்து மண்டபம் கால்மணி நேர வேலை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இந்தக் கோட்டையில் கைதியாக இருந்து 1832-ல் இறந்தவர், அவர் சமாதி.

ஆற்காட்டை ரவுண்டில் சேர்ப்பது நல்ல யோசனை. ஏன் நல்லது என்பது சேர்த்தவர்களுக்கே தெரியாது. சப்தர் அலி கொலைக்குப் பிறகு அவருடைய சிறு மகனும் 1744-ல் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் குத்திக் கொல்லப்பட்டான். நவாப் பட்டம் அன்வருதீன் கைக்குப் போனது. பழைய வீட்டு மருமகன் சந்தா சாகிப் ஒரு பக்கம், அன்வருதீன் மகன் முகமது அலி ஒரு பக்கம் என்று சண்டை முற்றி, பிரெஞ்சுக்காரர் அங்கே, ஆங்கிலேயர் இங்கே என்று நுழைந்தார்கள். 1751-ல் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகை தாங்கினது அந்தக் குடும்பச் சண்டையின் வால். முற்றுகையிட்டவர்கள் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை முட்ட அனுப்பினார்கள், துப்பாக்கிச் சூட்டில் யானைகள் திரும்பி ஓடிச் சொந்த ஆட்களையே மிதித்தன. ஆக வேலூர் அகழியோரம் பார்த்த கதையின் தொடர்ச்சிதான் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை நடுவில் அறுத்து, “இது கிளைவ் கோட்டை சார்” என்று தில்லி கேட்டைக் காட்டுவது தப்பு. பாலாற்றங்கரையில் மிஞ்சியிருக்கும் இந்த வாசல் நகர மதிலின் துண்டு. கிளைவ் முற்றுகை தாங்கியது நகரத்துக்குள் இருந்த வேறு கோட்டையில். மேலே இருக்கும் அறைக்குக் கிளைவ் பெயர் வழங்குவதால் வந்த குழப்பம்.

மொத்தத்தில் வண்டிக்கு ஐந்துக்கு நாலு, கதைக்கு ஒன்றரை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் டிரைவர் பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம். ஆற்காட்டில் சீரகச் சம்பா பிரியாணி தீர்வதற்குள், ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். கூட வரும் கத்திரிக்காய் இலவம்பாடி முள்ளுக் கத்திரியா என்று கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்றால் இன்னொரு கரண்டி வாங்கலாம். மக்கன் பேடா இனிப்பைப் பாகோடு டப்பாவில் அடைத்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் வரை காரின் வெயில் படும் சீட்டில் வைத்தால் மூடி திறந்து பாகு ஒழுகும், டிக்கியிலும் வேண்டாம், காலடியில் நிமிர்த்தி வையுங்கள்.