'ஒரு முறைகூடத் தண்ணீரில் இறங்காத' டிரைசூட் வாங்கி ஏமாந்தேன்

ஸ்கூபா முக்குளிப்புக்கு முதன்முதலாக டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாமல் உடலை உலர்வாக வைக்கும் உடை) வாங்கப் போகிறவர்கள் நான் ஏமாந்த இடத்தில் ஏமாறாமல் இருக்க இதை எழுதுகிறேன். விற்பனையாளர் எனக்குக் காட்டியது டிரைலாமினேட் வகை, அதாவது மூன்று அடுக்குகளை ஒட்டிச் செய்த மெல்லிய துணியால் ஆனது. ஒரு முறைகூடத் தண்ணீரில் இறங்காதது, பெட்டியிலேயே இருந்தது என்றார். அது பொய்யில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எத்தனை ஆண்டுகளாகப் பெட்டியில் இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் லேடெக்ஸ் சீல்கள், உடையை யாரும் அணியாவிட்டாலும் ஓசோனாலும் வெளிச்சத்தாலும் மெல்லக் கெட்டுப்போகும். கடையில் தலையை நுழைத்தபோதே கழுத்துச் சீல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது; புது ரப்பர் அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னதை நம்பினேன். ஐந்தாவது முறை அணிந்தபோது அது காதருகே கிழிந்தது.

அதைவிட மோசம் ஜிப். உடை மடிந்து கிடந்த இடத்தில், பித்தளைப் பற்களுக்கு அடியில் இருந்த துணி மயிரிழை போல வெடித்திருந்தது. டிரைலாமினேட்டுக்குத் தானாக வெப்பம் காக்கும் தன்மை கிடையாது; உள்ளே அணியும் கனத்த உடையும் அதில் தங்கும் காற்றும்தான் குளிரைத் தடுக்கின்றன. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சுவதால், முதுகு வழியே ஈரம் இறங்கிய சில நிமிடங்களிலேயே பல் கிட்டத் தொடங்கியது. புகார் சொன்னபோது, ஜிப்புக்கு மெழுகு தடவாதது என் தவறு என்று பதில் வந்தது. பழுது பார்ப்பவர் கழுத்தையும் மணிக்கட்டுகளையும் அடைத்து, காற்றேற்றிச் சோப்பு நீர் தடவியதும், அந்த மடிப்பு நெடுக நுரை கொப்பளித்தது. இந்தச் சோதனையை வாங்குவதற்கு முன் கடையிலேயே செய்யச் சொல்லியிருக்கலாம். செய்யத் தயங்கியிருந்தால் அதுவே பதிலாக இருந்திருக்கும்.

அளவிலும் அலட்சியம்தான். மெல்லிய பனியனோடு என்னை நிற்கவைத்து அளந்தார். கனத்த உள்ளுடையை அணிந்த பிறகு, தலைக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் வால்வுக்குக் கை எட்டவில்லை. உடையோடு ஒட்டியிருக்கும் காலணியோ நேர்மாறாகத் தளர்ந்திருந்தது. தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். நீருக்குள் காற்று அந்தத் தளர்ச்சியைத் தேடிப் போனால் கால்கள் மேலே தூக்கிக்கொள்ளும். காற்றை வெளியேற்றும் வால்வு இடது மேற்கையில் இருப்பதால் அந்த நிலையில் அது உதவாது. 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் உடைக்குள் உள்ள காற்று இரு மடங்காக விரிந்துவிடும் என்பதை அறிந்தவர் சிரிக்கக்கூடிய விஷயமல்ல இது.

சீல்களையும் ஜிப்பையும் மாற்ற, வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவானது. ரசீதில் 'டிரைசூட் 1' என்பதைத் தவிர தயாரித்த ஆண்டோ, அளவோ, ஜிப்புக்கான உத்தரவாதமோ எதுவும் இல்லை. அந்த ரசீதையே காட்டித்தான் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்.