சுத்த காப்பர் என்று நம்பி 4,800 போச்சு: லக் வைத்து ரெடியாக வரும் பேட்டரி கேபிள் வாங்குகிறவர்கள் கவனிக்க

பேட்டரி கேபிளை வெட்டி, முனையில் லக் (போல்ட் மாட்ட ஓட்டை உள்ள உலோக முனை) மாட்டி, சால்டர் வைத்து (ஈயம் உருக்கிப் பற்றவைத்து), மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போட்டு அனுப்பும் ஆன்லைன் கடைகள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒன்றில் ஏமாந்தாயிற்று. நேற்று பிரித்துப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஆர்டர் இதுதான்: 25 ஸ்கொயர் எம்.எம் (உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு) கேபிள், பாசிட்டிவ் 4 மீட்டர், எர்த் 1 மீட்டர், நாலு முனையிலும் 8 எம்.எம் ஓட்டை லக். மொத்தம் 4,800. பணம் கட்டும் முன்பே கேட்டேன், "காப்பர் பூசிய அலுமினியம் இல்லையே?" என்று. ஐந்தே நிமிடத்தில் பதில்: "இல்லை சார், சுத்த காப்பர். லக்குக்குள் முழுசாக ஈயம் நிரப்பித்தான் தருவோம்." முழுசாக ஈயம் நிரப்பி என்ற அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். வேலை தெரிந்தவன் பேச்சு மாதிரி இருந்தது. ஷ்ரிங்க்கும் அவ்வளவு நேர்த்தி, ஒரு சுருக்கம் இல்லை.

மூன்றே வாரத்தில் வண்டியின் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) இழுக்கத் திணறியது. வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை செல்ஃப் மோட்டார் போல்ட்டிலும் வைத்து கிராங்க் செய்தால் (செல்ஃப் அடித்தால்) 1.8 வோல்ட் வழியிலேயே விழுகிறது. கிட்டத்தட்ட 200 ஆம்பியர் ஓடும்போது, இந்த நீளத்துக்கு நல்ல காப்பரில் அரை வோல்ட்டை ஒட்டித்தான் விழ வேண்டும். செல்ஃப் பக்கத்து லக்கில் மட்டும் 0.6 வோல்ட். 200 ஆம்பியரில் அது 120 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் ஒன்றை அங்கேயே கட்டித் தொங்கவிட்ட கதைதான். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும்.

ஷ்ரிங்க்கைக் கீறி எடுத்தேன். லக்கை வைஸில் பிடித்து இழுத்தால் கேபிள் மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. முனையில் ஈயம், லக்கின் உள்வடிவத்திலேயே குப்பி மூடி மாதிரி நின்றது. நரைத்த சாம்பல் நிறம், மேலெல்லாம் மணல்மணலாக. லக்கின் உள்சுவரில் ஒரு பொட்டு ஈயம்கூட ஒட்டவில்லை. லக் சூடாகும் முன்பே ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். இத்தனை தடிமனுக்கு 25 வாட், 60 வாட் அயர்ன் எல்லாம் காணாது. வைக்கிற சூட்டைச் செம்பு அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடும். 200 வாட் அயர்ன் அல்லது கேஸ் டார்ச் வேண்டும். லக்கைத்தான் சூடாக்க வேண்டும், ஈயத்தை அல்ல. லக்கில் பாதி வரை ஈயம் உருகிப் பளபளவென்று நிற்கும்போது, ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவிய கேபிள் முனையை இறக்கி, ஆறும்வரை அசைக்காமல் பிடிக்க வேண்டும். இன்சுலேஷன் ஓரத்தில் ஈரத்துணி சுற்றினால் ஈயம் உள்ளே ஏறாது. ஏறினால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். (ஹெக்ஸ் டை, அதாவது அறுகோண அச்சு வைத்து லக்கை ஒழுங்காக நசுக்கிக் கிரிம்ப் செய்தால் ஈயமே தேவையில்லை என்பது வேறு விஷயம்.)

இழைகளைப் பிரித்தால் இன்னும் கூத்து. வெளி இழைகளில் ஈயம் உருண்டை உருண்டையாக நிற்கிறது, நடுவில் உள்ளவை காய்ந்து கிடக்கின்றன. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் வெள்ளை. அலுமினியம்! மேலே இருக்கும் மெல்லிய செம்புத் தோல் சூடான ஈயத்தில் அதிக நேரம் இருந்தால் கரைந்துவிடும். அடியில் வரும் அலுமினியத்தின் ஆக்சைடில் சாதாரண ஃப்ளக்ஸ் போட்டால் ஈயம் பிடிக்கவே பிடிக்காது. கெட்டிக்காரன் சால்டர் வைத்தாலும் இந்தக் கேபிளில் நிற்பது கஷ்டம். 10 சென்டிமீட்டர் வெட்டி, தோலுரித்து, தராசில் போட்டேன். 25 ஸ்கொயர் எம்.எம் காப்பர் என்றால் 22 கிராம் இருக்க வேண்டும். காட்டியது 8.

கடைக்காரரின் பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், "பேட்டரி வீக்காக இருக்கும் சார், மாற்றிப் பாருங்கள்." அடுத்து, "மீட்டரில் பீப் வருதா? வந்தால் கேபிள் ஓகே." பீப் வந்தால் தொடர்பு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், ஒரே ஒரு இழை தொட்டாலே வரும் என்று விளக்கி எழுதினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. பிறகு, "நீங்கள் வெட்டிவிட்டீர்கள், வெட்டிய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." வெட்டாமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பதாம்? கடைசியாக வந்ததுதான் உச்சம்: "மேலே காப்பர்தானே சார் இருக்கு." விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தால், யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். என் 4,800 எங்கே தீர்ந்தது?

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. லக் மாட்டியதை வாங்காதீர்கள். கேபிள் தனி, லக் தனி. முதலில் அரை மீட்டர் மட்டும் வாங்கி எடை போடுங்கள். இழையை லைட்டரில் காட்டுங்கள்: காப்பர் சிவந்து நிற்கும், அலுமினியம் துவண்டு விழும். வெளியே வெள்ளையாக இருப்பதெல்லாம் மோசம் இல்லை, டின் பூசிய காப்பரும் வெள்ளைதான், சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். லக்கில் காந்தம் ஒட்டினால் இரும்பு, அன்றே திருப்பி அனுப்புங்கள். "4 கேஜ்" என்று மட்டும் போட்டிருந்தால் எத்தனை ஸ்கொயர் எம்.எம் என்று எழுத்தில் கேளுங்கள், 4 ஏ.டபிள்யூ.ஜி (அமெரிக்கக் கம்பித் தடிமன் அளவு) என்றால் 21.15 வர வேண்டும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

இதை எழுதி முடிப்பதற்குள் அந்தக் கடையிலிருந்து இன்னொரு மெசேஜ்: ஐந்து ஸ்டார் கொடுத்தால் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடியாம்.