பத்து லட்சம் மைல் பறந்தால் ஆயுள் முழுதும் கோல்டு: காவிரிக் கரையிலிருந்து ஒரு கணக்கு

நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்கிலிருந்து டெல்லிக்கு அமெரிக்காவின் யுனைடெட் விமானம் கடக்கும் தூரம் ஏறத்தாழ 7,300 மைல். போய்வரக் கணக்கிட்டால் 14,600. அடிக்கடி பறப்பவருக்கு விமான நிலைய ஓய்வறை (லவுஞ்ச்), முன்னுரிமை வரிசை போன்ற சலுகைகளை வாழ்நாள் முழுதும் தருவது ஆயுள் கோல்டு தகுதி. அதற்கு யுனைடெட் நிறுவனம் கேட்கும் பத்து லட்சம் மைலை இதனால் வகுத்துப் பார்த்தால், 69 முறை போய்வர வேண்டும் என்று விடை வருகிறது. பொங்கலுக்கு ஒரு முறையும் கோடை விடுமுறைக்கு ஒரு முறையுமாகக் கும்பகோணத்துக்கு வந்துபோகும் முப்பது வயதுக்காரர், வேறெங்கும் பறக்காமலிருந்தால், 64 வயதில் அந்த இலக்கைத் தொடுவார். அதாவது, திருக்கடையூரில் மணிவிழா நடத்தி நான்கு ஆண்டுகள் கழித்து. ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறார் என்றால் சதாபிஷேகமும் தாண்டிவிடும். ஆகவே, சொந்தக் காசில் ஊருக்கு வந்துபோவதை மட்டும் நம்பி இந்தத் தகுதியைத் துரத்துவது வீண். அலுவலகச் செலவில் பறக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத்தான், எந்தத் திட்டத்தில் மைல்களைச் சேர்ப்பது என்ற கேள்வி உண்மையில் எழுகிறது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் பெரும்பாலும் யுனைடெட்டையும் அமெரிக்கன் ஏர்லைன்ஸையும்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். (டெல்டா ஏர்லைன்ஸ் என்ற பெயரைக் கண்டு நம்மூர்க்காரர் மனம் குளிர வேண்டாம், அந்த டெல்டா மிசிசிப்பியுடையது.) இரண்டிலும் முதல் மைல்கல் பத்து லட்சம்தான் என்றாலும், அங்கே கிடைப்பது ஒன்றல்ல. யுனைடெட் தரும் கோல்டு, அது சேர்ந்திருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணி முழுவதும் கோல்டாகச் செல்லும்: பன்னாட்டுப் பயணத்தில் லவுஞ்ச், முன்னுரிமை வரிசை, எடைக் கணக்கு உள்ள பயணங்களில் 20 கிலோ கூடுதல் லக்கேஜ். அமெரிக்கன் பத்து லட்சத்துக்குத் தரும் கோல்டோ அதன் கூட்டணியான ஒன்வேர்ல்டில் கீழ்ப்படியான ரூபி மட்டுமே. செக்-இன் வரிசையில் முன்னுரிமை உண்டு, லவுஞ்ச் கிடையாது. லவுஞ்ச் வேண்டுமானால் இருபது லட்சம் மைல் பறந்து பிளாட்டினத்தை, அதாவது ஒன்வேர்ல்டு சஃபையரை, எட்ட வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் ஏமாறும் இடம் இது.

ஆனால் எந்த மைல் கணக்கில் சேரும் என்று பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. யுனைடெட்டின் ஆயுள் கணக்கில் யுனைடெட் தானே இயக்கும் விமானங்கள் மட்டுமே சேரும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகக் கூட்டணி நிறுவனமான லுஃப்தான்சாவில் சென்னைக்கு வந்தால் அந்த மைல்கள் இலவசச் சீட்டு வாங்கச் செலவழிக்கப் பயன்படுமே தவிர, பத்து லட்சக் கணக்கில் ஏறாது. டெல்லியில் இறங்கிச் சென்னைக்கு ஏர் இந்தியாவில் வரும் பகுதியும் ஏறாது. அமெரிக்கன் திட்டத்தில் கூட்டணி நிறுவனங்களில் பறந்து ஈட்டும் அடிப்படை (போனஸ் சேராத) மைல்களும் ஆயுள் கணக்கில் சேர்வதால், தோஹா வழியாகக் கத்தார் ஏர்வேஸில் சென்னை வருவதும் வீணாவதில்லை. மலிவுக் கட்டணச் சீட்டுகளுக்கு முழுத் தூரமும் மைலாகக் கிடைப்பதில்லை என்பது இதிலுள்ள ஓட்டை. 2011 டிசம்பர் வரை அமெரிக்கனில் கடன் அட்டையில் சேர்ந்த மைல்கள்கூட ஆயுள் கணக்கில் ஏறின; விமானத்தில் அதிகம் ஏறாமலே ஆயுள் தகுதி பெற்றவர்கள் அந்தக் காலத்தவர்கள். அந்தக் கதவு மூடி வெகுகாலமாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் வாழும் நம்மவர்களுக்குக் கான்டாஸ் திட்டம்தான் இவை எல்லாவற்றிலும் நேர்மையானது என்பது என் கருத்து. தூரத்தை எண்ணாமல் ஸ்டேட்டஸ் கிரெடிட் என்ற புள்ளிகளை அது எண்ணுகிறது: 7,000 சேர்ந்தால் ஆயுள் சில்வர், 14,000 சேர்ந்தால் ஆயுள் கோல்டு, 75,000 சேர்ந்தால் ஆயுள் பிளாட்டினம். முதன்முறை கோல்டு பெற ஓராண்டில் 700 புள்ளிகள் தேவை. அதே வேகத்தில் பறந்தால் இருபது ஆண்டுகளில் ஆயுள் கோல்டு வந்துவிடும். இடையில் சில ஆண்டுகள் பறக்காவிட்டாலும் சேர்ந்த புள்ளிகள் அப்படியே இருக்கும். பங்காளி நிறுவனமான எமிரேட்ஸிலும் கூட்டணி நிறுவனங்களிலும் பறப்பதும் கணக்கில் வரும்.

ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் நிறுவனங்களின் ஃப்ளையிங் புளூ திட்டம் இதற்கு நேர் எதிர். அங்கே மொத்தமாகச் சேர்ப்பதற்கு இடமே இல்லை. பிளாட்டினம் தகுதியைப் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் தக்கவைத்தால்தான் அது ஆயுளுக்கும் நிலைக்கும். காரைக்காலில் 1962-க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பாரிஸில் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் பிளாட்டினத்தில் இருந்துவிட்டு, தாயாரைக் கவனிப்பதற்காக ஓராண்டு காரைக்காலிலேயே தங்கிவிட்டால், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். குடும்பக் கடமை உள்ளவர்களுக்கு ஒத்துவராத விதி இது.

லண்டன்காரர்களின் நிலை வேறு. பிரிட்டிஷ் ஏர்வேஸில் 35,000 டயர் பாயிண்ட் (தகுதிப் புள்ளி) சேர்ந்தால் ஆயுள் கோல்டு என்றிருந்தது. சென்னைக்கு பிசினஸ் வகுப்பில் ஒரு முறை போய்வந்தால் 280 பாயிண்ட் கிடைத்தது. ஆக, 125 பயணங்கள். கடினம்தான், ஆனாலும் எண்ணிக்கொண்டே போக முடிந்தது. 2025 ஏப்ரல் முதல் செலவழிக்கும் பவுண்டுகளை வைத்துப் பாயிண்ட் தரும் முறை வந்ததால், பாதி வழியில் இருந்தவர்களுக்கு அளவுகோலே மாறிப்போனது.

‘ஆயுள்’ என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று அமெரிக்க நீதிமன்றத்தில் இருக்கிறது. கான்டினென்டல் என்ற மற்றொரு விமான நிறுவனத்துடன் இணைந்தபின் யுனைடெட் தன் பத்து லட்ச மைல் உறுப்பினர்களின் சலுகைகளைக் குறைத்தபோது, அவர்களில் ஒருவர் வழக்குத் தொடுத்தார். விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமையை நிறுவனம் தன்னிடம் வைத்திருந்ததால், 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. நம் பக்கத்தில் நிறுவனங்களே நிலைக்கவில்லை: ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதையே நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவில் கரைந்தது.

இனி, ஊருக்கு மிக அருகிலுள்ள நிலையம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர் மக்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் திருச்சியிலிருந்து ஏறுவது பெரும்பாலும் ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ, ஏர் ஏசியா போன்ற விமானங்களில். இவற்றில் எதுவும் மேற்சொன்ன கூட்டணிகளில் உறுப்பு நிறுவனம் அன்று. ஸ்டார் அலையன்ஸ் கோல்டு அட்டையை அங்கே நீட்டிப் பயனில்லை. கொழும்பு வழியாகச் செல்லும் ஸ்ரீலங்கன் ஒன்வேர்ல்டில் இருப்பதால், திருச்சியில் ஏறுபவருக்கு அமெரிக்கன் அல்லது கான்டாஸ் தகுதி ஓரளவு கைகொடுக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் க்ரிஸ்ஃபிளையரிலும் எமிரேட்ஸின் ஸ்கைவர்ட்ஸிலும் மைல் சேர்த்து அடையக்கூடிய ஆயுள் தகுதியே இல்லை என்பதால், காவிரி டெல்டாவிலிருந்து மிகுதியாகப் பறக்கும் தொழிலாளர்களுக்கு இந்தப் போட்டியில் இடமே இல்லாமல் போகிறது.

எனக்குத் தெரிந்த குடும்பங்களில் இந்தத் தகுதி உண்மையில் தேவைப்படுவது பெற்றோருக்குத்தான். பித்தளைப் பாத்திரம், காப்பித்தூள், வடாம் என்று பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, இரவு ரயிலில் சென்னை வந்து, விடியற்காலை வரிசையில் நிற்பவர்கள் அவர்கள். பிள்ளையின் தகுதியை அவர்களுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஆனால் ஸ்டார் கோல்டு உடையவரும் ஒன்வேர்ல்டு சஃபையர் உடையவரும் தம்மோடு அதே விமானத்தில் வரும் ஒருவரை லவுஞ்சுக்குள் அழைத்துச் செல்லலாம். அப்பாவும் அம்மாவும் கூட வந்தால் ஒருவரை வெளியே விட வேண்டியதுதான். யுனைடெட் மட்டும் ஆயுள் உறுப்பினரின் வாழ்க்கைத் துணைக்கும் அதே தகுதியைத் தருகிறது என்பதால், மகன் அப்பாவையும் மருமகள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நால்வராக உள்ளே போய்விடலாம்.