கார்டு பாக்கியை அடைக்க நகைக்கடனா, கைமாற்றா?

கிரெடிட் கார்டில் 1,00,000 ரூபாய் பாக்கி நிற்கிறது, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைப்போம். வட்டி 3,500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 630. நீங்கள் 5,000 கட்டினாலும் அசலில் குறைவது வெறும் 870 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் மளிகை பில்லுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அதே தொகையை வங்கியில் 10 சதவீத நகைக்கடனாக எடுத்தால் மாத வட்டி சுமார் 833. ரசீதில் கல், அரக்கு கழித்த நிகர எடையைச் சரிபாருங்கள். ஓராண்டுக் கடனில் பலர் சறுக்குவது கெடு தேதியில்தான். தவறினால் நோட்டீஸ், பிறகு ஏலம். மாதாமாதம் வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கட்டிவிடுங்கள்.

மச்சானிடம் கைமாற்று வாங்கினால் வட்டி இல்லை. ஆனால் தவணை தேதி பேசாத கடன் தீபாவளிக்குள் மனக்கசப்பாகிவிடும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி அதே அளவு அபராதம் வரலாம். வங்கிக் கணக்கு வழியாக வாங்கி, தேதியை வாட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள்.

நகை இருந்தால் எங்கள் தேர்வு நகைக்கடன்தான். எதுவானாலும், பாக்கி அடைத்த அன்றே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.