கூந்தலை வெட்டிய பட்டத்தரசி: இரண்டு சீனத் தொடர்கள், இரண்டு நியாயங்கள்

1765-ஆம் ஆண்டு, சீனாவை ஆண்ட மஞ்சு இனத்துச் சிங் வம்சத்தின் சியான்லோங் பேரரசர் தென்திசைப் பயணத்தில் ஹாங்சோ நகரில் தங்கியிருந்தபோது, உடன் வந்த அவருடைய இரண்டாம் பட்டத்தரசி தன் கூந்தலை வெட்டிக்கொண்டார். மஞ்சு வழக்கப்படி பட்டத்தரசி கூந்தலை வெட்டுவது பேரரசரோ அவருடைய தாயோ இறந்தால் மட்டுமே. இருவரும் உயிரோடு இருக்கையில் அப்படிச் செய்தால், அவர்கள் சாக வேண்டும் என்று சபிப்பதாகவே பொருள். அரசியை உடனே பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். பட்டத்தரசிக்குரிய சடங்குகள் எதுவும் இல்லாமல், பேரரசரின் வேறொரு மனைவியின் கல்லறையில் சேர்த்துப் புதைத்தார்கள்.

ஏன் வெட்டினார் என்பதற்கு வரலாற்றில் தெளிவான விடை இல்லை. 2018-இல் ஒரு மாத இடைவெளியில் வெளிவந்த இரண்டு பெருந்தொடர்கள் ஆளுக்கொரு விடையைச் சொல்கின்றன. ஜூலையில் ஐச்சியி என்ற இணையக் காணொளித் தளத்தில் 'யான்சி அரண்மனையின் கதை' 70 பகுதிகளாக வந்தது. ஆகஸ்டில் டென்சென்ட் தளத்தில் 'ரூயியின் அரண்மனைக் காதல்' 87 பகுதிகளாக வந்தது. பேரரசர் ஒருவரே, அந்தப்புரம் ஒன்றே, பெண்களும் பெரும்பாலும் அவர்களே. நியாயம் மட்டும் இடம் மாறிவிட்டது. யான்சியில் கதாநாயகி வெய் குலத்துப் பெண் யிங்லுவோ. கூந்தலை வெட்டும் நாரா குலத்து அரசிதான் எதிரி. ரூயியில் நாரா அரசியே நாயகி; ரூயி என்பது அவளுடைய பெயர்தான். வெய் குலத்துப் பெண் பாவங்களின் மொத்த உருவம்.

இரண்டையும் முழுமையாகப் பார்த்தேன். முதல் முறை யான்சிதான் என்னைக் கட்டிப்போட்டது. இரண்டாம் முறை பார்த்தபோது ரூயி என் மனத்தில் எங்கோ மேலே போய்விட்டது. ஆனாலும் ரூயியை எழுதியவர்கள் ஒரு பாத்திரத்துக்குச் செய்த அநியாயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

யான்சியின் சீனத் தலைப்பில் உள்ள 'கோங்லுயே' என்ற சொல்லுக்கு வெற்றிக்கான உத்தி என்று பொருள். கணினி விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் எப்படித் தாண்டுவது என்று சொல்லித் தரும் கையேட்டையும் அப்படித்தான் அழைப்பார்கள். தொடர் நடப்பதும் அந்த வழியில்தான். அக்காவின் சாவுக்குக் காரணமானவரைத் தேடி, எம்பிராய்டரிப் பணிப்பெண்ணாக யிங்லுவோ அரண்மனைக்குள் நுழைகிறாள். எதிரிகள் ஒவ்வொருவராக வருகிறார்கள், ஒவ்வொருவராக விழுகிறார்கள். முந்தைய பேரரசரின் மனைவி ஒருத்தி மின்னல் தாக்கிச் சாகும் இடம் அதன் உச்சம். அது கடவுள் தந்த தண்டனையா, யிங்லுவோ செய்த ஏற்பாடா என்று மற்றவர்கள் திகைத்து நிற்க, நமக்கு மட்டும் உண்மை தெரியும். அநியாயம் நடந்தால் பத்துப் பகுதிகளுக்குள் பதிலடி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு பார்க்கலாம். அந்த ஆண்டு கூகுளில் உலக அளவில் தேடல் அதிகம் உயர்ந்த தொலைக்காட்சித் தொடர் இதுதான் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. யிங்லுவோவாக நடித்த வூ ஜின்யானின் அலட்சியமான பார்வைக்கே பாதிப் பெருமை சேர வேண்டும்.

ஆனால் யான்சியில் நான் உயிராய் நேசிக்கும் பாத்திரம் யிங்லுவோ அல்ல. முதல் பட்டத்தரசி ஃபூச்சா ரோங்யின். உண்மையான ஃபூச்சா அரசி முத்தும் மரகதமும் அணியாமல், தக்கையாலும் பட்டு நூலாலும் செய்த பூக்களையே சூடினார் என்பது சிங் வரலாற்றில் உள்ள செய்தி. தொடரில் அவராக நடித்த சின் லான் தலையில் அந்தப் பூக்களைத்தான் வைத்திருக்கிறார். அவர் நகையில்லாமல் இருப்பதைச் சிக்கனமாக மட்டும் காட்டி விட்டுவிடவில்லை. பட்டத்தரசி என்ற பதவிக்கு அடியில் மூச்சுத் திணறும் ஒரு பெண்ணின் மனத்தையும் அந்தப் பூக்களில் பார்க்க முடிகிறது. யிங்லுவோவுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் காட்சிகள் இந்த இரண்டு தொடர்களிலும் மிக மென்மையானவை. பிள்ளையை இழந்து அவர் மதில் கோபுரத்திலிருந்து விழும் பகுதியைத் தாண்டி வர எனக்குச் சில நாட்கள் பிடித்தன. உண்மையில் அந்த அரசி 1748-இல் பயணத்தின்போது தெசோ அருகே நோயால் இறந்தவர். தொடர் வரலாற்றை மாற்றியது தெரிந்தும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் போன பிறகு தொடரின் உயிரும் பாதி போய்விடுகிறது. பின்பாதியில் பேரரசரும் யிங்லுவோவும் செல்லச் சண்டை போடுவது எனக்கு இனிக்கவில்லை.

ரூயியில் இதே அரசி லாங்ஹுவா என்ற பெயரில் வருகிறார். மருமகளாக வந்த வீட்டில் தன் இடம் பறிபோய்விடுமோ என்று ஒவ்வொரு நாளும் அஞ்சும் பெண். ரூயி கருவுறக் கூடாதென்று மருந்து ஒளித்த வளையலைப் பரிசாகத் தருகிறார். நல்லவர் என்று சொல்ல முடியாது, அரக்கி என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் சின் லானின் அரசிக்கு ஈடாக என்னால் இவரை வைக்க முடியவில்லை.

ரூயி யான்சியை எங்கோ தாண்டிச் செல்லும் இடம் பேரரசர் பாத்திரம். யான்சியில் நிய் யுவான் நடித்த சியான்லோங் சிடுசிடுப்பும் பிடிவாதமும் உள்ள, கடைசியில் விரும்பத்தக்க கணவர். ரூயியில் ஹுவோ ஜியான்ஹுவா காட்டும் சியான்லோங்கை மறக்க முடியாது. தாழ்ந்த பிறப்பு என்ற வடுவைச் சுமந்து வளர்ந்தவர். யாரையும் முழுதாக நம்பாதவர். இளமையில் ரூயியை உண்மையாகவே நேசித்தவர். அவள் குற்றமற்றவளாக இருக்கலாம் என்று மனத்துக்குள் தோன்றியும் பழிக்கு ஆளான மனைவியரை ஒதுக்கி வைக்கும் குளிர்மனைக்கு அவளை அனுப்பச் சம்மதிப்பவர். ஒரே நாளில் அவர் கெட்டவராக மாறவில்லை. ஒவ்வொரு முறையும் தன் நலனுக்காக ஓர் அங்குலம் விலகுகிறார்; அந்த அங்குலங்கள் சேர்ந்து முப்பது ஆண்டுகளில் கடக்க முடியாத தூரமாகிவிடுகின்றன. 87 பகுதிகள் நீளம் என்று குறை சொல்வோருக்கு என் பதில் இதுதான்: ஒரு திருமணம் தேய்ந்து முடிவதைக் காட்ட அவ்வளவு நேரம் தேவை. ரூயியாக நடித்த, நாற்பதைத் தாண்டிய ஜோ ஷுன் பதின்வயதுப் பெண்ணாக வரும் தொடக்கப் பகுதிகள் நெருடுவது உண்மை. அவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோழி ரூயிக்காக எதையும் செய்யத் துணியும் ஹைலானுக்காகவே அந்தத் தொடரை இன்னொரு முறை பார்க்கலாம்.

இனி அந்த அநியாயம். ரூயியின் வெய் யன்வான் தொடக்கத்தில் பணிப்பெண். எஜமானி அவளுடைய பெயரைக்கூடப் பறித்து, வேறு பெயர் வைத்து வதைக்கிறாள். அரண்மனைக் காவலன் லிங் யுன்சேயுடன் இருந்த காதலை அவள் உதறியதற்கு வறுமையும் அவமானமும் காரணங்கள். அங்கே ஒரு மனுஷி இருந்தாள். ஆனால் பதவி ஏற ஏற அவளுக்குள் இருந்த மனுஷியை எழுத்து துடைத்துவிடுகிறது. ரூயியின் பிள்ளைகளின் சாவு தொடங்கிக் கதையில் நேரும் கேடுகள் எல்லாவற்றையும் அவள் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். யான்சி இந்த இடத்தில் எவ்வளவு மேல்! அங்கே எதிரியான நாரா குலத்து ஷுஷென் முதலில் அமைதியான, யாருக்கும் தீங்கு எண்ணாத பெண். தம்பி சிறையில் நோயுற்று இறந்து, தாயும் அவள் கண்முன்னே உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் திரும்புகிறாள். அவள் செய்யும் கொலைகளைச் சகிக்க முடியாது. ஆனால் அவள் எங்கிருந்து அங்கே வந்து சேர்ந்தாள் என்பது ஒரு கணமும் மறக்காது. ஷுஷெனாக நடித்த சார்மெய்ன் ஷே உரத்துப் பேசாமலே அதைச் செய்துவிட்டார்.

ஆகவே கூந்தல் காட்சிக்குத் திரும்புகிறேன். யான்சியில் ஷுஷென் கூந்தலை அறுக்கும்போது பல ஆண்டுகளாக அடக்கிய ஆற்றாமை ஒரே மூச்சில் வெடிக்கிறது: இவ்வளவு உழைத்தேன், நீங்கள் ஒரு முறையாவது என்னைத் திரும்பிப் பார்த்தீர்களா? தோற்ற எதிரியின் வாயிலிருந்து வரும் நியாயமான கேள்வி அது. நான் அழுதுகொண்டேதான் பார்த்தேன்.

ரூயியில் சத்தம் குறைவு. இளமையில் ரூயியின் பெயர் சிங்யிங், பேரரசரின் பெயர் ஹோங்லி. சுவருக்கு மேலே அவளும் குதிரைமேல் அவனுமாகச் சந்திக்கும் ஒரு பழைய நாடகக் காட்சியை இருவரும் சேர்ந்து ரசித்த காலம் அது. பட்டத்தரசியான ரூயி கூந்தலின் ஒரு கற்றையை அறுத்து, இது அந்தச் சிங்யிங்குக்கும் அந்த ஹோங்லிக்குமான துக்கம் என்கிறாள். மஞ்சு வழக்கை அவள் மீறவில்லை. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், அதற்காகத்தான் வெட்டுகிறாள். எதிரே பேரரசர் உயிரோடு நிற்கிறார்.