லாகின் செஷனுக்கு மெம்கேஷ்டா, ரெடிஸா?

எங்கள் பிஎச்பி தளத்தின் செஷன்களை (லாகின் செய்தவர் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று சர்வர் நினைவு வைக்கும் தகவல்) இரண்டு வருடம் மெம்கேஷ்டில் வைத்திருந்தோம், இப்போது ரெடிஸ். வேகத்துக்காக மாற்றவில்லை. இரண்டும் தரவை ராமிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்கள்தான், வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

மெம்கேஷ்ட் 2003-ல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக, கேஷ் (அடிக்கடி கேட்கும் தரவின் தற்காலிகப் பிரதி) வேலைக்கென்றே எழுதப்பட்டது. நிறுவுவது சுலபம், ஆனால் அது தானாக எடுத்துக்கொள்வது 64 எம்பி மெமரி மட்டும். நிரம்பியதும் ரொம்ப நேரம் தொடாத செஷனைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். கேஷ் என்றால் டேட்டாபேஸிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம், செஷனுக்கு வேறு பிரதி ஏது? பாதிப் படிவத்தை நிரப்பிவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வந்தால் லாகின் பக்கம் நிற்கிறது, சர்வர் பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை. ஸ்டாட்ஸில் எவிக்‌ஷன் எண் (இடமில்லாமல் தூக்கியவற்றின் எண்ணிக்கை) ஏறியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

ரெடிஸில் மேக்ஸ்மெமரியை (மெமரி வரம்பை) நீங்களே வைக்க வேண்டும், வைக்காவிட்டால் 64-பிட் மெஷினில் வரம்பே கிடையாது. வைத்தபின் நிரம்பினால் என்ன செய்வது என்பதற்கு இயல்பான கொள்கை 'நோஎவிக்‌ஷன்': பழைய செஷன் எதையும் தொடாது, புதிதாக எழுத வந்தால் பிழை கொடுக்கும். புது லாகின் நடக்காது, ஆனால் ஐந்து நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடும். எனக்கு அதுதான் வேண்டும். சீக்கிரம் காலாவதியாகப் போவதை முதலில் தூக்கும் 'வொலட்டைல்-டிடிஎல்' கொள்கை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எல்லாச் செஷனுக்கும் அதே 1440 விநாடி ஆயுள்தான், ஒவ்வொரு முறை எழுதும்போதும் அது புதுப்பிக்கப்படுகிறது என்றால், சீக்கிரம் காலாவதியாகப் போவது சாப்பிடப் போனவருடையதுதானே!

அப்புறம், பக்க கேஷையும் செஷனையும் ஒரே ரெடிஸில் போடாதீர்கள். டேட்டாபேஸ் எண்ணை 0, 1 என்று பிரித்தால் போதும் என்று நானும் நினைத்தேன், ஆனால் மெமரி வரம்பும் கொள்கையும் மொத்த இன்ஸ்டன்ஸுக்கும் (ஓடும் ஒரு ரெடிஸுக்கு) ஒன்றுதான். வேறு போர்ட்டில் இன்னொன்றை ஓட்டுங்கள். ரெடிஸின் ஏஓஎஃப்-ஐ (எழுதுவதையெல்லாம் டிஸ்க் கோப்பில் சேர்க்கும் வசதி) 'எவ்ரிசெக்', அதாவது விநாடிக்கு ஒருமுறை, என்று வைத்தால், திடீரென்று விழுந்தாலும் ஒரு விநாடி அளவு எழுதியதுதான் போகும். மெம்கேஷ்டை ரீஸ்டார்ட் செய்தால் சாதாரணமாக எல்லோரும் வெளியேதான்.

மெம்கேஷ்ட் பக்கம் ஒரு நல்லது: அதன் பிஎச்பி எக்ஸ்டென்ஷனில் செஷன் லாக்கிங் (ஒரு கோரிக்கை முடியும்வரை அதே செஷனை இன்னொன்று தொடாமல் பூட்டுவது) இயல்பாகவே ஆன். ரெடிஸுக்கான எக்ஸ்டென்ஷன் பிஎச்பிரெடிஸில் ஆஃப், நாமே போட வேண்டும். போடாவிட்டால் ஒரே நேரத்தில் வரும் இரண்டு அஜாக்ஸ் (பக்கம் பின்னணியில் அனுப்பும்) கோரிக்கைகளில் ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கும்.

இதெல்லாம் ஒற்றைச் சர்வர் அனுபவம், பல சர்வர்களில் ரெடிஸ் ஓட்டும் சென்டினல், கிளஸ்டர் எதுவும் நான் ஓட்டியதில்லை. பக்க கேஷுக்கு இன்றும் மெம்கேஷ்ட்தான் ஓடுகிறது.