வேப்பங்கிளையா, தட்டட்டிச் சுவரா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் குருவிக்குத் தீனி வைக்க இரண்டே இடம்: புறவாசல் வேப்பமரம், இல்லையென்றால் தட்டட்டி, அதாவது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். இரண்டிலும் வைத்துப் பார்த்தாயிற்று.

தட்டட்டி சுலபம். துணி காயப்போடும்போதே ஒரு கை கம்பை இறைத்துவிடலாம். ஆனால் வருவது பெரும்பாலும் காகமும் புறாவும்தான். சித்திரையில் பத்து மணிக்கே சிமெண்டு கொதிக்கும், சட்டித் தண்ணீரும் சுடும். ஆடி வந்தால் மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று கம்பை வாரிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடும்.

வேப்பமரத்தில் நிழல் உண்டு. வல்லூறு தலை தெரிந்தால் இலைக்குள் ஒளியலாம். தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து கத்தும், கொண்டைக்குருவி பப்பாளித் துண்டுக்கு வரும். தொல்லை அணிலும் பூனையும். அணில் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பூனைக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. தண்டிலிருந்து தள்ளி, ஆறடி உயரத்துக்குமேல், மெல்லிய கம்பியில் தட்டைத் தொங்கவிட்டேன். அப்புறம் கீழே இருந்த செம்பருத்திப் புதரையும் வெட்டினேன். அது பதுங்குவதே அங்கேதான்.

ஜன்னல் பக்கம் என்றால் கண்ணாடியிலிருந்து மூன்றடிக்குள் வையுங்கள். அவ்வளவு கிட்டத்தில் பறவை வேகமெடுத்து மோதாது. இரண்டுங்கெட்டான் தூரம்தான் ஆபத்து.

என் ஓட்டு வேப்பங்கிளைக்கு. மரமில்லாத வீடா, சரி, தட்டட்டியில் தண்ணீர் டேங்குக்குக் கிழக்கே வையுங்கள்: மேல்காற்றும் தடுபடும், மத்தியானத்துக்கு மேல் நிழலும் விழும்.